குளிராத குளிர்ப்பெட்டி

நார்த்தாமலையைச் சுற்றி ஒன்பது குன்றுகள் நிற்கின்றன. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சிற்பக் கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் மேலமலையிலுள்ள விஜயாலய சோழீச்சரத்தைக் காண வருகிறார்கள். பக்தர்கள் பங்குனி மாதத்தில் முத்துமாரியம்மனைத் தரிசிக்க வருகிறார்கள். இரு சாராரிலும் பெரும்பாலோர் பொழுது சாய்ந்ததும் ஊர் திரும்பிவிடுவதால் இவ்வூரின் ஒரு குணத்தை அவர்கள் அறிவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கருங்கல், அஸ்தமனத்துக்குப் பிறகு அதைத் திரும்ப உமிழத் தொடங்கும். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் பாறையில் கை வைத்தால் சூடு தெரியும்.

இத்தகைய ஊரில் சித்திரை மாதத்தில் ஒரு வீட்டுக் குளிர்ப்பெட்டி குளிர மறுத்தால் அவ்வீட்டார் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா? காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. பால் திரிந்துபோகிறது. இவையாவது போகட்டும். நீரிழிவு நோயாளி இருக்கும் வீடுகளில் இன்ஸுலின் மருந்தும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. பதைபதைத்து மெக்கானிக்கை அழைக்கிறார்கள். அவர் வருகிறார். பெட்டியின் முதுகுப் பக்கம் காதை வைத்துக் கேட்கிறார். "காஸ் போயிடுச்சுங்க" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

மெக்கானிக்குகள் எல்லோரையும் குறைகூறுவது நமது நோக்கமன்று. வெயிலில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் அலைந்து நேர்மையாக உழைக்கும் தொழிலாளிகள் பலரை நாம் அறிவோம். ஆனால் அந்த இரண்டு சொற்களும் எவ்வளவு எளிதாகச் சொல்லப்படுகின்றனவோ, அவ்வளவு எளிதாக நம்பப்படுகின்றன. இதற்குக் காரணம் 'காஸ்' என்ற சொல்லேதான். சமையலறையில் ஒரு காஸ் இருக்கிறது; அது எரிந்து தீர்ந்துபோகிறது; புதிய சிலிண்டர் வருகிறது. குளிர்ப்பெட்டியிலுள்ள காஸும் அப்படித்தான் நாளடைவில் தீர்ந்துபோகும் என்று படித்தவர்கள்கூட எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தீர்ந்துபோகும் சரக்கு அன்று. குழாயில் ஓட்டை விழாதவரையில் பெட்டி வாங்கிய நாளில் இருந்த காஸ், இருபது ஆண்டுகள் சென்றாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

இதை நம் மாணவர்களுக்குக் கமலையைக் கொண்டு விளக்குவது வழக்கம். மின்சார பம்பு வந்த பின் கமலையைக் கண்ணால் கண்டவர்களே அருகிவிட்டார்கள். ஆயினும் புதுக்கோட்டைச் சீமையில் பாட்டனார்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சால் வெறுமையாகக் கிணற்றில் இறங்குகிறது. நீரை முகந்துகொண்டு மேலே வருகிறது. வாய்க்காலில் கொட்டிவிட்டு மறுபடி இறங்குகிறது. ஆயிரம் தடவை இறங்கி ஏறினாலும் சால் அதே சால்தான். குளிர்ப்பெட்டியில் கிணறு என்பது பெட்டியின் உட்புறம். அங்கிருந்து இறைக்கப்படுவது நீரன்று, வெப்பம். காஸ்தான் சால். அதை இழுக்கும் மாடு, பெட்டியின் அடியில் பின்புறம் இருக்கும் கறுப்பு உருண்டையாகிய கம்ப்ரெஸர். உட்புறக் குழாய்களில் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளிப்புறக் குழாய்களில் அந்த ஆவி அழுத்தத்துக்கு உட்பட்டு மீண்டும் திரவமாகும்போது, உறிஞ்சிய வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. குளிர் என்ற பொருளை எந்த யந்திரமும் உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவே.

இவ்வளவும் மனத்தில் பதிந்துவிட்டால், பெட்டி குளிராமல் போனதும் என்ன பார்க்கவேண்டும் என்பது தானாகவே விளங்கும். இறைப்பு நின்றுவிட்டால் குடியானவன் முதலில் சாலையா குறை கூறுவான்? மாட்டுக்குத் தீனி இருக்கிறதா, கொட்டிய நீர் வாய்க்காலில் ஓடுகிறதா, மறுபடி கிணற்றுக்குள்ளேயே வடிகிறதா என்று பார்ப்பான். சாலில் ஓட்டையா என்பது அவன் கடைசியாகக் கேட்கும் கேள்வி.

மாட்டின் தீனி மின்சாரம். உள்ளே விளக்கு எரிகிறதே என்று பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கு மிகக் குறைந்த வோல்டேஜிலும் எரியும், அதை நம்பக்கூடாது. நம் நாட்டு வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட். கோடை இரவில் தெரு முழுதும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடும்போது, டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில் உள்ள வீடுகளில் அது 180, 170, 160 என்று இறங்கிவிடுவதுண்டு. மோட்டாரின் சுழற்று வலிமை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160 வோல்ட் வந்தால் வலிமை மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் பாதிக்கும் சற்றே குறைவாகத்தான் இருக்கும். பாதி வயிறு உண்ட மாடு கமலையில் நின்றுவிடுகிறது. கம்ப்ரெஸர் ஓட முயன்று 'ம்ம்ம்' என்று முனகும். பிறகு 'டிக்' என்ற ஓசையுடன் அடங்கும். சில நிமிஷங்கள் கழித்து மீண்டும் முனகல், மீண்டும் 'டிக்'. அந்த 'டிக்' என்பது மோட்டார் எரிந்துபோகாமல் காக்கும் பாதுகாப்புக் கருவியின் ஓசை. இந்த ஓசை இரவில் மட்டும் கேட்டு, விடியற்காலையில் பெட்டி ஒழுங்காகக் குளிர்ந்தால் குற்றம் பெட்டியில் இல்லை என்று அறியலாம். நல்ல ஸ்டெபிலைஸர் ஒன்றை வாங்கி வைப்பதே பரிகாரம். வோல்டேஜ் சரியாக இருக்கும்போதும் அதே முனகல் கேட்டால், கம்ப்ரெஸரின் பக்கத்திலுள்ள ரிலே கெட்டிருக்கக் கூடும். அது அற்ப விலைச் சாமான். ஆனால் அதைத் திறந்து தொடுவது தெரிந்தவர் வேலை.

மின்சாரம் போய் உடனே திரும்பும்போது இன்னொரு விபரீதம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரெஸர் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். அவை சமமாவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிஷங்கள் ஆகும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் பெருஞ்சுமையை எதிர்த்துத் திணறுகிறது. 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கடுமையான மின்வெட்டை அனுபவித்தபோது எத்தனை கம்ப்ரெஸர்கள் இவ்விதம் உயிரை விட்டனவோ! காத்திருந்து கிளப்பும் ஏற்பாடு உள்ள ஸ்டெபிலைஸர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லாதவர்கள் மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பின் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடலாம். அதற்குச் செலவே இல்லை.

அடுத்து, தெர்மாஸ்டாட் திருகு. ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பலவற்றில் அந்தத் திருகின் நடுவே ஒரு சிறு பொத்தான் இருக்கும். உள்ளே படிந்த பனியைக் கரைப்பதற்காக அதை அமுக்குவார்கள். அமுக்கினால் பனி கரைந்து முடியும் வரை கம்ப்ரெஸர் ஓடாது. பூசணிக்காய்த் துண்டமோ பால் பாத்திரமோ இடித்து அது தானாகவே அமுங்கிவிட்டால், வீட்டார் அறியாமலே பெட்டி ஓய்வெடுத்துக்கொள்ளும். குழந்தைகள் திருகைத் திருப்பிவிடுவதும் உண்டு. ஆகவே பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் அந்தத் திருகை ஒருமுறை கண்ணால் பார்ப்பது நலம்.

இனி வாய்க்கால். வெப்பத்தைக் கொட்டும் குழாய்கள் பழைய பெட்டிகளில் முதுகுப்புறம் கறுப்புக் கம்பி வலைபோல் தெரியும். புதிய பெட்டிகளில் அவை பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். பக்கங்கள் சுடுவதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். சுட்டால்தான் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள்; அது நல்ல அடையாளம். அந்தச் சூட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போக இடம் வேண்டும். நம் வீடுகளிலோ பெட்டியைச் சுவரோடு ஒட்டி, ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் அரிசி மூட்டையுமாக நெருக்கி, தலைமேல் துணியைப் போர்த்தி வைக்கிறார்கள். சுவர் மேற்குச் சுவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். முதுகிலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் இடம்விட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிய பின் கம்பிகளிலுள்ள ஒட்டடையைத் தூரிகையால் துடைத்தால், பல பெட்டிகள் வேறு சிகிச்சையின்றியே குணமடைந்துவிடும்.

கொட்டிய நீர் கிணற்றுக்கே வடிவதைப் போன்றது, கதவின் ரப்பர் பட்டை தளர்வது. வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது பாதி வேலை என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஐஸ் பாளங்கள் நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தா வந்து சேர்ந்தன. ஏற்றிய 180 டன்னில் ஏறக்குறைய நூறு டன் கரையாமல் மிஞ்சியது. யந்திரம் ஏதுமில்லை, வெப்பம் புகாதபடி மூடிவைத்ததுதான் சூட்சுமம். சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸும் இந்த வியாபாரத்துக்காக எழுந்ததே. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்பொழுது அது அவர் பெயரால் வழங்குகிறது. நம் வீட்டுப் பெட்டியின் கதவைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டுப் போதும். நோட்டின் பாதி உள்ளும் பாதி வெளியுமாக வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் இரவும் பகலும் வெப்பம் புகுகிறது. பட்டையை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவினால் பெரும்பாலும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். கிழிந்திருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

உள்ளே பனி கனத்துப் படிவதும் ஒரு வியாதி. பனி அதிகமானால் குளிர் அதிகம் என்று எண்ணுவது சரியன்று. பனி ஒரு கம்பளி. அரை அங்குலம் படிந்துவிட்டால் உள்ளே இருக்கும் வெப்பம் குழாயை எட்டாது. இந்தப் பனியை என்ன செய்கிறார்கள்? பொறுமையிழந்து கத்தியாலும் ஸ்குரூ டிரைவராலும் குத்திப் பெயர்க்கிறார்கள். பனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள்தான் காஸ் ஓடுகிறது. ஒரு குத்துப் போதும். 'உஸ்' என்று காஸ் வெளியேறிவிடும். அதன்பின் மெக்கானிக் "காஸ் போயிடுச்சுங்க" என்றால் அது முற்றிலும் மெய். சகோதரிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம், ஆடவர்களை இன்னும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம் (கத்தியெடுக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்களே): பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீரை உள்ளே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பனி தானே விழும்.

இரட்டைக் கதவுப் பெட்டிகளில் பனி கண்ணுக்குத் தெரியாது. மேல் அறை நன்றாக உறைகிறது, கீழ் அறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் காஸைக் குறைகூற இடமேயில்லை. காஸ் இல்லாவிட்டால் மேல் அறை எப்படி உறையும்? அங்கே உண்டாகும் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும் விசிறி நின்றிருக்கும். அல்லது காற்று இறங்கும் வழியைப் பனி அடைத்திருக்கும். ஒரு நாள் முழுதும் நிறுத்தித் திறந்து வைத்தால் சரியாகிவிடும். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி அதே தொல்லை வந்தால், பனியைத் தானாகக் கரைக்கும் சிறு ஹீட்டரோ அதை ஏவும் கருவியோ பழுது. இதை மெக்கானிக்கிடம் இப்படியே எடுத்துச் சொன்னால் அவருக்கும் வேலை சுலபமாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகு சாலுக்கு வருவோம். கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடுகிறது, வெளிக் குழாய்கள் சுடவில்லை, உள்ளே குளிரும் இல்லை. அல்லது உட்புறத் தகட்டில் ஒரு மூலையில் மட்டும் கையகலம் பனி பூத்து மற்ற இடம் உலர்ந்து கிடக்கிறது. இவை காஸ் குறைந்ததற்குரிய அடையாளங்கள். மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டாலும், கம்ப்ரெஸரே தேய்ந்துபோனாலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். காஸ்தான் என்று முடிவானால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: எந்த வழியாகப் போயிற்று? நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் ஓராண்டுக்குள் மூன்று தடவை காஸ் நிரப்பினார்கள். மூன்று தடவையும் இரண்டு மாதம் குளிர்ந்தது. ஓட்டையை ஒருவரும் தேடவில்லை. ஓட்டைச் சாலில் நீரை ஊற்றி ஊற்றி என்ன பயன்? முறையான வேலை என்பது இது: ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைக்க வேண்டும், நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்திச் சோதிக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும், பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அறவே இழுத்துவிட வேண்டும், பிறகு தராசில் நிறுத்துக் காஸை விடவேண்டும். எந்த காஸ், எத்தனை கிராம் என்பது பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. தராசு இல்லாமல் கை மதிப்பாக நிரப்புகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அந்தச் சீட்டை ஏன் பார்க்கவேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. முற்காலத்துப் பெட்டிகளில் அமோனியாவும் கந்தக டையாக்ஸைடும் மெதில் குளோரைடும் பயன்பட்டன; யாவும் நச்சுத்தன்மை உடையவை. பெர்லின் நகரில் இத்தகைய காஸ் கசிந்து ஒரு குடும்பமே தூக்கத்தில் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து, ஐன்ஸ்டீன் என்ற மகா மேதையும் ஸில்லார்டு என்ற இளம் விஞ்ஞானியும் 1926-இல் கசியாத குளிர்ப்பெட்டி ஒன்றை அமைக்க முற்பட்டார்கள். அது சந்தைக்கு வருமுன் விஷமில்லாத பிரியான் வந்துவிட்டது. வீட்டுக்குத் தீங்கு செய்யாத அந்தக் காஸ், வானத்திலுள்ள ஓஸோன் படலத்தை அரிப்பதாக மொலீனா, ரோலண்டு என்ற இருவர் 1974-இல் எடுத்துரைத்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. இன்று புதிய பெட்டிகள் பலவற்றில் 'ஆர் 600ஏ' என்ற எழுத்துக்களைக் காணலாம். அது ஐஸோபியூட்டேன், சமையல் காஸின் இனம், தீப்பற்றக்கூடியது. உள்ளே இருப்பது சில பத்துக் கிராம்தான் என்பதால் வீட்டில் வைத்திருக்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பழுது பார்க்கிறவர் அதை அறியாமல் குழாய்க்கு நெருப்பைக் காட்டினால் ஆபத்து. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்ட பிறகே அவ்வேலையைத் தொடங்கச் சொல்லவேண்டும்.

மெக்கானிக் வரும் வரை வீட்டிலுள்ளவற்றை எப்படிக் காப்பது? கதவைத் திறக்காதிருப்பதே முதல் காரியம். மூடிய பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறையச் சாமான் உறைந்துள்ள மேல் அறை இன்னும் நெடுநேரம் தாங்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்து, நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிகளில் கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தபோது இந்தக் கணக்கெல்லாம் செல்லவில்லை. அப்பொழுது கைகொடுத்தவை மண்பானைகளே. நைஜீரியா தேசத்தில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் ஒரு முறையைப் பரப்பினார். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடிவைப்பதுதான் அது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பெரிய யந்திரத்துக்குள் நடப்பதும் இதுவேயன்றோ? கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது அவ்வளவாகப் பலிக்காது. நார்த்தாமலையின் வறண்ட கோடைக்கு வெகு பொருத்தம்.

இன்ஸுலின் உள்ளவர்கள் ஒன்று அறியவேண்டும். திறவாத குப்பிகளுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ச்சி கட்டாயம். திறந்து உபயோகத்தில் உள்ள குப்பி, 25 முதல் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை கெடுவதில்லை. உறையிலுள்ள குறிப்பை வாசித்து, டாக்டரையும் கேட்டுக்கொள்க. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையின் சூடு அதைத் தாண்டிவிடுமாதலால், குப்பியைத் தண்ணீர் படாதபடி ஒரு டப்பாவில் இட்டுப் பானைக்குள் வைக்கலாம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. அண்டை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோய், அதிகக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று உறையும் அறையிலேயே வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை உறைந்த இன்ஸுலின், உருகிய பின் பார்வைக்குப் பழையபடியே இருந்தாலும் மருந்தாகாது. அதை எறிந்துவிட்டுப் புதுக் குப்பி வாங்கவேண்டும்.